சாதாரணப் பயனரின் இரண்டு கல்யாணங்கள்

திருமணப் பதிவு அலுவலகத்தின் கணினி நின்றுபோன அன்று, கவுன்ட்டருக்கு முன்னால் நின்றிருந்த ஒரே ஆள் அந்தப் பஸ் டிரைவர்தான். அவர் செய்த தப்பு அவ்வளவுதான். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் சான்றிதழை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருப்பார். அரை மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் கதவு பூட்டியிருக்கும்; வேறு யாராவது மாட்டியிருப்பார்கள்.

டிப்போவில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்கத் தேவையில்லாத அளவுக்குப் பதமாகப் பிரேக் போடுவார். அவருடைய வண்டியில் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி, நாலு வருஷம் கம்பியைப் பிடிக்காமலே வந்து பார்த்துவிட்டு, இந்த ஆளை நம்பலாம் என்று முடிவு செய்தாள். புதன்கிழமை காலை டிரைவரின் அக்காவும் மாமாவும் சாட்சிக் கையெழுத்துப் போட, பதிவாளர் முன்னிலையில் கல்யாணம் முடிந்தது. சான்றிதழை வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

சான்றிதழ் அவர்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே ஊழியர் குடியிருப்பு இருந்தது. கல்யாணமான நர்ஸுக்கு வீடு. ஆகாத நர்ஸுக்கு ஊருக்குள் இருந்த விடுதியில் ஒரு கட்டில். ஒரு வீடு காலியாகவும் இருந்தது. ஆனால் அவள் ஆனவளா ஆகாதவளா என்பதை அவளோ அவளுடைய புருஷனோ சொன்னால் போதாது, காகிதம் சொல்ல வேண்டும். அது வரும்வரை அவள் விடுதிக் கட்டிலில், அவர் அக்கா வீட்டு ஹாலில்.

கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த தட்டச்சர் அம்மாள் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“நீங்களே படிச்சுக்கோங்க.”

‘உங்கள் உரிமம் காலாவதியாகிவிட்டது. இதுவரை எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி’ என்று இருந்தது.

“இப்ப என்னம்மா பண்றது?”

“பணம் கட்டிப் புதுப்பிக்கணும். கட்டக் கூடாது, ஓசியிலேயே ஒரு சிஸ்டம் இருக்குன்னு ஒரு அதிகாரி எழுதிட்டாங்க. அந்த ஓசி சிஸ்டத்தைப் போடக் கூடாதுன்னு இன்னொரு அதிகாரி எழுதிட்டாரு. எது வேணும்னு முடிவு பண்ண உயர்மட்டக் குழு போட்டிருக்காங்க.”

“சிஸ்டம்னா?”

“கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி வேலை வாங்கற சமாச்சாரம். அது இல்லைன்னா இது வெறும் பெட்டி. டிரைவர் இல்லாத பஸ்னு வச்சுக்கோங்களேன்.”

“அப்போ ஒரு தாள்ல கையால எழுதிக் கொடுத்துடுங்க.”

“அப்படித்தான் கொடுத்துக்கிட்டிருந்தோம். மக்களுக்குச் சான்றிதழ் சீக்கிரம் கிடைக்கணும்னு போன மாசம் ஒரு சுற்றறிக்கை விட்டாங்க. இனிமே கம்ப்யூட்டர்ல மட்டும்தான்.”

அந்த நேரத்தில் மாடிப்படியில் பதிவுத் துறை இயக்குநர் இறங்கி வந்தார். அவர் ஓய்வு பெறப் பதினான்கு மாதங்கள் இருந்தன. அந்தப் பதினான்கு மாதங்களையும் ஒரு கீறல் விழாமல் கழிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே லட்சியம். அவருக்குப் பின்னால் துணை இயக்குநரும் புள்ளியியல் அதிகாரியும் ஒருவரையொருவர் பார்க்காமல் வந்தார்கள்.

குழுவில் தலைவர் ஒருவர், நிபுணர்கள் இருவர், ‘சாதாரணப் பயனர்’ ஒருவர் இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. முதல் மூன்று பேர் உடனே கிடைத்துவிட்டார்கள். நாலாவது ஆளைத் தேடி அவர்கள் காலையிலிருந்து ஐந்து மாடியும் ஏறி இறங்கியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் தன்னைச் சாதாரணம் என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை. டீ கொண்டுவருகிறவர்கூடத் தான் ஒரு முதுநிலைச் சிற்றுண்டி ஒருங்கிணைப்பாளர் என்று நியமன உத்தரவை எடுத்துக் காட்டிவிட்டார்.

இயக்குநர் டிரைவரை மேலும் கீழும் பார்த்தார்.

“உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அதைப் பத்தி ஏதாவது அபிப்பிராயம்?”

“ஒண்ணும் கிடையாதுங்க.”

“யாரையாவது எதுத்துப் பேசற பழக்கம்?”

“வண்டி ஓட்டும்போது பேசறதே இல்லைங்க.”

மூவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஒரு விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. “குழு வேலை முடியற அன்னிக்கு, முதல் சர்டிபிகேட் உங்களுதுதான்” என்று இயக்குநர் அவர் தோளில் தட்டினார். தலைவருக்கு வாக்கு இல்லை, நிபுணர்கள் ஆளுக்கொரு பக்கம், ஆகையால் முடிவு தன் ஒரு கையில்தான் இருக்கிறது என்பது டிரைவருக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கையால் கும்பிட்டுவிட்டு ஓடியிருப்பார்.

முதல் கூட்டம் மூன்றாம் மாடியில் நடந்தது. நீளமான மேஜையின் ஒரு மூலையில் இரண்டு புதுக் கணினிகள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்தன. ஒன்றில் விலைச் சிஸ்டம், இன்னொன்றில் ஓசிச் சிஸ்டம். ஆராய்ச்சி முடியும்முன் அவற்றைப் போட்டுப் பார்ப்பது பாரபட்சத்துக்கு இடம் கொடுக்கும் என்பதால், இரண்டையும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது.

துணை இயக்குநர் எழுந்தார். விலைச் சிஸ்டம் விற்கும் கம்பெனி கொடுத்த பையிலிருந்து கம்பெனி கொடுத்த டைரியை எடுத்து, கம்பெனி கொடுத்த பேனாவைத் திறந்துகொண்டார்.

“ஓசியில வந்தது எதுவும் உருப்பட்டதாச் சரித்திரமே கிடையாது சார். காசு கொடுத்து வாங்கினாத்தான், நாளைக்கு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா கூப்பிட்டுத் திட்ட ஒரு ஆள் இருப்பான். நான் கேக்கறது சிஸ்டம் இல்ல சார். திட்டறதுக்கு ஒரு ஆள்.”

“இதுவரைக்கும் கூப்பிட்டுத் திட்டியிருக்கீங்களா சார்?” டிரைவர் தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

“கூப்பிட்டேன். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்’னு ஒரு பொண்ணு சொல்லிச்சு. நாப்பது நிமிஷம் அதையே சொல்லிக்கிட்டிருந்துச்சு. என் வீட்டுல யாராவது என்கிட்ட அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களா? அந்த மரியாதை ஓசியில கிடைக்குமா?”

புள்ளியியல் அதிகாரி எழுந்தார். ஒளிவு மறைவு அவருக்குப் பிடிக்காது. கைப்பையைத் திறந்தே வைத்திருப்பார். அதனால் மாதத்துக்கு ஒருமுறை எதையாவது தொலைப்பார்.

“முதல்ல ஓசின்னு சொல்றதை நிறுத்துங்க. இது சுதந்திரம். இதுக்குள்ள என்ன இருக்குன்னு உலகத்துல யார் வேணா திறந்து படிச்சுப் பாக்கலாம்.”

“நீங்க படிச்சுட்டீங்களாம்மா?”

“மூணு கோடி வரி இருக்கு. மனுஷன் படிக்க முடியுமா? படிக்கலாம்ங்கற உரிமை இருக்கு பாருங்க, அதுதான் விஷயம்.”

“உள்ள ஏதாவது தப்பு இருந்துச்சுன்னா?”

“ஆயிரக்கணக்கான பேரு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருக்காங்க.”

“அவங்கெல்லாம் படிச்சுட்டாங்களாம்மா?”

புள்ளியியல் அதிகாரி பொய் சொல்லாதவர். கொஞ்சம் யோசித்தார். “நான் படிச்சிருப்பேன்னு அவங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க” என்றார்.

டிரைவருக்குத் தலை சுற்றியது. கையைத் தூக்கினார். “எதைப் போட்டாலும் என் சர்டிபிகேட் வந்துடுங்களா?”

“வரும்” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“அப்போ ஏதாவது ஒண்ணைப் போட்டுடலாமேங்க.”

யாரோ தண்ணீர் குடித்தார்கள். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தட்டச்சர் அம்மாளின் பேனா நின்றது. கடைசியில் இயக்குநர் இருமிவிட்டு, “எழுதிக்கோங்கம்மா. சாதாரணப் பயனர் ஆழமான கேள்வி ஒன்றை எழுப்பினார். அது துணைக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது” என்றார்.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது அவர் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு பிரியமாகச் சொன்னார்: “தம்பி, முடிவெடுக்கறது பெரிய காரியமில்ல, யார் வேணா எடுத்துடுவான். எடுக்காம இருக்கறதுக்குத்தான் முப்பத்தி நாலு வருஷ அனுபவம் தேவைப்படுது.”

புருஷனும் பெண்டாட்டியும் குடும்பம் நடத்தியது பஸ்ஸில்தான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி திரும்பும்; அங்கே எட்டு நிமிஷம் நிற்க வேண்டும். அவள் டூட்டி முடிந்து வந்து டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். அந்த எட்டு நிமிஷத்தில் அவர்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள். சமாதானமாகிற நேரத்தில் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். மீதிச் சமாதானம் அடுத்த ட்ரிப்பில்.

மூன்றாவது மாதம் துணைக் குழு ஒரு கஷ்டத்தில் மாட்டிக்கொண்டது. ஓசிச் சிஸ்டத்தைக் கோப்புகளில் எந்தப் பெயரால் குறிப்பிடுவது என்று தெரியவில்லை. ‘இலவச’ என்றால் புள்ளியியல் அதிகாரி எழுந்து வெளியே போய்விடுவார். ‘கட்டற்ற’ என்றார்கள், கட்டுப்பாடு அற்ற என்று ஊழியர்கள் அர்த்தம் செய்துகொண்டு பத்தரை மணிக்கு வருவார்கள் என்று துணை இயக்குநர் ஆட்சேபித்தார். ‘திறந்த’ என்பதை ஏற்க மூன்று அமர்வுகள். எதைத் திறந்த என்பதற்கு நாலு அமர்வுகள். எல்லாவற்றுக்கும் அடிப்படையான மூலத்தையே திறந்து வைத்திருப்பதால் ‘திறந்த மூலம்’ என்று ஏழாவது அமர்வில் ஒருமனதாக முடிவானது. ‘இயக்குநர் அலுவலகம் – திறந்த மூலம் – அவசர முடிவு கோருதல்’ என்று கோப்புக்குத் தலைப்பிட்டு மேலிடத்துக்கு அனுப்பினார்கள்.

தபால் பிரிவில் இருந்தவர் இளகிய மனசுக்காரர். தலைப்பைப் படித்தவுடன் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் அவருடைய மாமனார் அதே கஷ்டத்தில் உட்கார முடியாமல் இருக்கிறார். கோப்பை அப்படியே சுகாதாரத் துறைக்குத் திருப்பி, ‘மிக அவசரம்’ என்று சிவப்பு மையில் எழுதினார்.

பத்தாவது நாள் நர்ஸ் பஸ்ஸில் ஏறும்போதே ஆரம்பித்தாள்.

“ஏங்க, உங்க டைரக்டருக்கு எத்தனை நாளா இருக்காம்?”

“என்னது?”

“எங்க வார்டுல பதினாலாம் நம்பர் பெட் போட்டிருக்கு அவருக்கு. சர்ஜன் ஃபைலைப் படிச்சுட்டு, ‘துணைக் குழு ஏழு தடவை பாத்திருக்கு, ஒருத்தரும் மருந்து எழுதலை’ன்னு தலையில அடிச்சுக்கறாரு.”

‘வெறும் வயிற்றுடன் வரவும்’ என்ற கடிதம் இயக்குநருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மருத்துவர் குறிப்பிட்டிருந்த மூன்று வார ஓய்வை மட்டும் எடுத்துக்கொண்டார். கீறல் விழாத மூன்று வாரம்.

ஐந்தாவது மாதம் விலைச் சிஸ்டத்தைச் செய்து காட்டக் கம்பெனியிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். தான் கொண்டுவந்திருந்த கணினியைப் போட்டார். ‘புதுப்பிக்கப்படுகிறது. அணைக்காதீர்கள்’ என்று திரையில் வந்தது. ‘ஒரு சதவீதம்’ என்றும் வந்தது. “ஒரே நிமிஷம்” என்றார் கோட்டுக்காரர். குழு காத்திருந்தது. டீ வந்தது, பிஸ்கட் வந்தது, மதியச் சாப்பாடு முடிந்தது. நாலரை மணிக்குத் தொண்ணூற்றெட்டு ஆனபோது துணை இயக்குநர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். அதன்பின் திரை கறுப்பாகி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. அணைக்காதீர்கள் என்று தெளிவாக எழுதியிருந்தபடியால், அறையை அப்படியே பூட்டிச் சீல் வைத்துவிட்டு எல்லோரும் ஒரு வாரம் வராந்தாவில் கூடினார்கள்.

அடுத்த முறை திறந்த மூலக்காரர்கள் வந்தார்கள். பதினோரு பேர். கம்பெனி இல்லை, கோட்டு இல்லை, ஆர்வம் மட்டும்தான். அவர்களுடைய சிஸ்டத்தில் முந்நூறு வகை உண்டு, பிடித்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எதைச் செய்து காட்டுவது என்று அவர்களுக்குள் பேசிக்கொள்ள ஐந்து நிமிஷம் கேட்டார்கள். கால் மணி நேரத்தில் குரல் உயர்ந்தது. ஒரு மணி நேரத்தில் பதினோரு பேரும் மூன்று கட்சியாகப் பிரிந்து மூன்று படிக்கட்டு வழியாக இறங்கிப் போனார்கள். முந்நூற்றியோராவது வகையைத் தாங்களே உருவாக்கப்போவதாக மூன்று கட்சியிலிருந்தும் தனித்தனியே கடிதம் வந்தது.

“பாத்தீங்களா, எவ்வளவு சுதந்திரம்!” என்றார் புள்ளியியல் அதிகாரி. ஆனால் அவர் குரலில் சுரத்து இல்லை.

இப்படியே பத்து மாதம் ஓடியது. அக்கா வீட்டு ஹாலில் டிரைவரின் பாய் சுருட்டி வைத்த இடத்தில் ஒரு தடம் விழுந்திருந்தது. “ஏண்டா, கல்யாணம் பண்ணிக்கிட்டதா ஞாபகம் இருக்கா?” என்று கேட்பாள் அக்கா. “இருக்கு, ஆதாரம்தான் இல்ல” என்பார் மாமா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதைவிட மோசமான ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் பஸ்ஸில் நர்ஸ், “நாளைக்கு உங்களுக்குக் காலை டூட்டியா, மதிய டூட்டியா?” என்று கேட்டாள்.

“அதுல ரெண்டு விதமான கருத்து இருக்கு” என்றார் டிரைவர்.

அவள் அவரையே பார்த்தாள். கண்டக்டர் விசில் அடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. அவள் எழுந்து இறங்கிவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றுகொண்டு சொன்னாள்:

“காலியா இருக்கற வீட்டை எக்ஸ்ரே டெக்னீஷியனுக்குக் கொடுக்கப் போறாங்களாம். மாசக் கடைசிக்குள்ள சர்டிபிகேட் வைக்கலைன்னா நம்ம பேரைப் பட்டியல்லேருந்தே எடுத்துடுவாங்க. நான் ஒரு பஸ் டிரைவரைத்தான் கட்டிக்கிட்டேன். கமிட்டி மெம்பரை இல்ல.”

அன்றைக்குத் திரும்பும் ட்ரிப்பில் அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு சடன் பிரேக் போட்டார். வண்டியில் இருந்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

மறுநாள் கூட்டம். துணை இயக்குநர் தன் நாற்பத்தோராவது குறிப்பைப் படிக்க எழுந்தபோது டிரைவர் குறுக்கிட்டார். “நான் இன்னிக்கு ஓட்டுப் போடணும்.”

இயக்குநரின் முகம் வெளுத்தது. “எதுக்குத் தம்பி?”

“எதுக்கோ ஒண்ணுக்கு. நீங்களே சொல்லுங்க, நான் கையைத் தூக்கறேன்.”

“சாதாரணப் பயனர் ரெண்டையும் பயன்படுத்திப் பாக்காம எப்படித் தம்பி ஓட்டுப் போட முடியும்?”

“அப்போ பயன்படுத்தறேன்.”

“அதுக்கு விதிமுறை வகுக்கணும். அதுக்கு ஒரு துணைக் குழு...”

“விதி இருக்கு சார்.” பத்து மாதமாக வாய் திறக்காத தட்டச்சர் அம்மாள் சொன்னார். “ஆரம்ப உத்தரவுலேயே கடைசிப் பக்கத்துல இருக்கு. ‘சாதாரணப் பயனர் சாதாரணப் பணி ஒன்றை இரண்டிலும் செய்து பார்க்கலாம்.’ நான்தான் டைப் அடிச்சேன்.”

டிரைவர் எழுந்து போய் இரண்டு பிளாஸ்டிக் உறைகளையும் கிழித்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் இரண்டை மட்டும் பயன்படுத்தி, தட்டச்சர் அம்மாள் கண்ணாலேயே எழுத்துகளைக் காட்ட, தனக்குத் தெரிந்த ஒரே சாதாரணப் பணியைச் செய்தார். மணமகன் பெயர், மணமகள் பெயர், தேதி, சாட்சிகள். விலைச் சிஸ்டத்தில் இருபத்திரண்டு நிமிஷம். திறந்த மூலத்தில் பதினேழு நிமிஷம். அதற்குள் கை பழகிவிட்டது. இரண்டு தாள்களும் வெளியே வந்தன. துணை இயக்குநர் ஒன்றை எடுத்துக்கொண்டார், புள்ளியியல் அதிகாரி மற்றதை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், மாற்றிக்கொண்டு பார்த்தார்கள். பிறகு எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியவில்லை. கடைசியில் தாளின் அடியில் இருந்த வரிசை எண்ணை வைத்துத்தான் பிரித்தார்கள்: ஒன்று, இரண்டு.

தட்டச்சர் அம்மாள் இரண்டையும் கையோடு பதிவாளரிடம் எடுத்துப் போனார். பதிவாளர் தன் முன்னால் வருகிற எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற நல்ல மனிதர். இரண்டிலும் முத்திரை விழுந்தது. எண் ஒன்றை டிரைவர் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார். மதியமே நர்ஸ் அதைக் குடியிருப்புப் பிரிவில் கொடுத்துவிட்டாள். சாயந்திரம் பஸ்ஸில் எட்டு நிமிஷமும் இருவரும் ஒன்றுமே பேசவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

எண் இரண்டு, வழக்கப்படி நகலனுப்பும் பிரிவுக்குப் போய், நாலாவது நாள் அதே குடியிருப்புப் பிரிவுக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. அங்கே இருந்த எழுத்தர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு கல்யாணம். ‘இரட்டைத் திருமணம் தொடர்பாக உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது’ என்று டிரைவருக்கு நோட்டீஸ் வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். மாமா முதன்முறையாகப் பேப்பரைக் கீழே வைத்தார்.

விசாரணை இயக்குநர் அறையில் நடந்தது. நர்ஸ் வார்டிலிருந்து நேராக யூனிபார்மோடு வந்திருந்தாள். குடியிருப்பு எழுத்தரும் வந்திருந்தார்.

“ரெண்டும் ஒரே பொண்ணுதாங்க” என்றார் டிரைவர்.

“அது இன்னும் மோசம்” என்றார் எழுத்தர். “வேற வேற பொண்ணா இருந்தா ஏதோ ஏமாந்துட்டாங்கன்னு சொல்லலாம். இங்க தெரிஞ்சே ரெண்டு தடவை நடந்திருக்கு.”

“ஒண்ணைக் கிழிச்சுப் போட்டுடுங்களேன்” என்றாள் நர்ஸ்.

“கிழிச்சா அது விவாகரத்தும்மா. கோர்ட்டுக்குப் போகணும். ஆறு மாசம் பிரிஞ்சிருந்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க.”

“பத்து மாசமாப் பிரிஞ்சுதான் இருக்கோம்!”

“அதோட எதைக் கிழிக்கறது?” துணை இயக்குநர் எழுந்துவிட்டார். “எண் ஒண்ணு முறைப்படி காசு கட்டின சிஸ்டத்துல ஆன கல்யாணம். அதுக்குத்தான் பொறுப்பேத்துக்க ஆள் உண்டு. அந்தக் கல்யாணத்துல நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா இவங்க கம்பெனியைக் கூப்பிடலாம்.”

“எண் ரெண்டு திறந்த கல்யாணம்” என்றார் புள்ளியியல் அதிகாரி. “ஒளிவு மறைவே இல்ல. யார் வேணா உள்ள புகுந்து பாத்துத் திருத்தலாம்.”

“யாரும் புகுந்து திருத்த வேணாம்மா” என்றாள் நர்ஸ்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றைக் கிழிக்கச் சொன்னால், இரண்டு சிஸ்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடும். ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது அப்படி ஒரு காரியத்தைச் செய்ய அவர் தயாராக இல்லை. விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அரை மணி நேரம் புரட்டினார். முப்பத்தி நாலு வருஷ அனுபவம் கை கொடுத்தது.

“இருக்கு. ‘முதல் மனைவி எழுத்து மூலம் ஆட்சேபணையின்மை தெரிவிக்கும் பட்சத்தில், இரண்டாம் திருமணத்தின் மீது நடவடிக்கை கைவிடப்படும்.’ ரெண்டு கல்யாணமும் செல்லும். முதல் மனைவி ஒரு கடிதம் கொடுத்தாப் போதும்.”

எல்லோரும் நர்ஸைப் பார்த்தார்கள். டிரைவர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவள் கத்துவாள் என்று நினைத்தார். அவள் மேஜையிலிருந்து கம்பெனி பேனாவை எடுத்து, நின்றுகொண்டே எழுதினாள். ‘என் கணவர் என்னை இரண்டாவதாகவும் திருமணம் செய்துகொண்டதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல குணம்.’

“இரண்டாம் மனைவியும் ஒப்புதல் கையெழுத்துப் போடணும்” என்றார் எழுத்தர்.

அவள் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு போட்டாள்.

அதோடு டிரைவரின் குழுப் பதவியும் பறிபோனது. இரண்டு மனைவிகள் உள்ள ஒருவரைச் சாதாரணர் என்று கொள்ள இயலாது என்று தீர்மானம் நிறைவேறியது. வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது. புதிய சாதாரணப் பயனரைப் பிடிப்பதற்காகத் துணை இயக்குநரும் புள்ளியியல் அதிகாரியும் முறை வைத்துக் கவுன்ட்டர் அருகே நிற்கத் தொடங்கினார்கள். விஷயம் ஊரில் பரவியிருந்ததால், கல்யாணம் செய்துகொண்டவர்கள் அந்தத் தெருவுக்கே வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டுப் புள்ளிவிவரத்தின்படி திருமணங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அதற்குக் காரணம் கண்டுபிடிக்க வேறொரு குழு அமைக்கப்பட்டது.

வீடு மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் கிடைத்தது. அது அவர்கள் விண்ணப்பித்த ஓரறை வீடு அல்ல. அதை எக்ஸ்ரே டெக்னீஷியனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கணவர் ஒருவர், மனைவிகள் இருவர் என்று குடும்பத்தில் மூன்று பேர் இருப்பதால், விதிப்படி இரண்டு படுக்கையறை வீடு. கிழக்கு பார்த்த ஜன்னல். பின்பக்கம் துணி காயப்போட இடம், அதற்குத் தனிக் கதவு. சாவியை வாங்கியபோது டிரைவர் எழுத்தரிடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். நர்ஸ் அவர் காலை மிதித்தாள்.

குடிவந்து இரண்டு வாரத்தில், ஒரு காலை நேரம், குடியிருப்பு ஆய்வாளர் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றார். ஒதுக்கப்பட்ட அறைகளில் ஒதுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நைட்டியில் இருந்த நர்ஸ் கதவைத் திறந்தாள். டிரைவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“நீங்க?”

“இளையவ.”

“மூத்தவங்க?”

“டூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னால கடைக்குப் போனாங்க. உக்காருங்க சார், அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்க. டீ போடறேன்.”

ஆய்வாளர் உட்கார்ந்தார். டீ வந்தது. அதை அவர் குடித்துக்கொண்டே டிரைவர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டுல ஒருத்திதான். அதுக்கே முழி பிதுங்குது. நீங்க எப்படிங்க சமாளிக்கறீங்க?” என்று கேட்டார். டிரைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

பின்பக்கக் கதவு மெல்லச் சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் காலடி. வெள்ளை யூனிபார்ம், இறுக்கிப் போட்ட கொண்டை, மூக்கில் கண்ணாடி, கையில் ஒரு காய்கறிப் பை. ஆய்வாளர் மரியாதையாக எழுந்து நின்றார்.

“வணக்கம்மா. நீங்கதான் மூத்தவங்களா?”

“ஆமா. அவ டீ கொடுத்தாளா? சர்க்கரை சரியா இருந்துச்சா? அவளுக்கு எதுவுமே சொல்லிக் கொடுக்கணும்.”

“நல்லா இருந்துச்சும்மா. அவங்க எங்க?”

“குளிக்கப் போயிருப்பா. போனா ஒரு மணி நேரம் வர மாட்டா.”

ஆய்வாளர் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு ஆய்வாளர் பேனாவைத் திறந்து, அட்டையில் நிறுத்தி நிதானமாக எழுதினார்:

‘மனைவிகள் இருவரும் நேரில் பார்க்கப்பட்டனர். முக ஒற்றுமை இருக்கிறது. சகோதரிகளாக இருக்கலாம்.’